கூட்டாமல் குறைக்காமல்

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அவசரம் என்றால் இடையில் எப்போது வேண்டுமானாலும். நகுண்ட்வாவின் பிழைப்பு அதுதான். பாரே மலை முகட்டில், தேவாலயத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதற்குள் ஒரு வயர்லெஸ் பெட்டியும் ஒரு கார் பேட்டரியும். கூரைமேல் சூரியத் தகடு, அதற்கும் மேலே ஒரு கம்பம். மலைக்கு வடக்கே அடிவாரத்தில் மருத்துவமனை இருக்கிறது. தெற்கே முள்மரமும் மாடும் மசாய் குடிசைகளுமாகச் சமவெளி விரிந்து கிடக்கிறது. அங்கே ஒரு சின்ன மருந்தகம். மருந்தகத்தில் பேசினால் மருத்துவமனையில் கேட்காது, மலை குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் கேட்கிற இடம் இந்த முகடு ஒன்றுதான்.

பெட்டியில் ஒரு திருகு உண்டு. அதைத் தெற்கே திருப்பிக் கேட்பாள், வடக்கே திருப்பிச் சொல்வாள். மறுபடி வடக்கே கேட்டுத் தெற்கே சொல்வாள். ஒரு பக்கம் பேசுவது மறு பக்கத்துக்குக் கேட்காது. கேட்டதைச் சொல்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களைப் பிடித்து வந்து ஒரு வாரம் அந்த ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து மனிதக் குரலைப் பிரித்தெடுத்துப் பிரித்தெடுத்து அவளுடைய வலது காது எப்போதோ வலிக்கத் தொடங்கி, இப்போது வலியே பழகிப்போய்விட்டது. ஊர் உலகத்துப் பிரசவம், சாவு, காய்ச்சல் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போயிற்று. மெரெரானிச் சுரங்கத்துக்குக் கல் தோண்டப் போன புருஷனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் அந்தப் பெட்டியில் வந்ததில்லை. மகள் எலிநாமி ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டாள். ஒற்றை ஆளுக்கு எதற்குத் தினம் சமையல் என்று சோளத்தையும் பீன்ஸையும் ஒன்றாக வேகவைத்து, அந்த ஒரு பானை மக்காண்டேயை இரண்டு நாளைக்குச் சூடு பண்ணிச் சாப்பிடுவாள்.

வடக்கே மருத்துவமனை வயர்லெஸ் அறையில் இருந்தவர் மம்சேரி. கிளிமஞ்சாரோப் பக்கத்துச் சாக்கா இனத்து ஆள், நகுண்ட்வா பாரே இனம். பாரேக்காரர்களுக்கும் சாக்காக்காரர்களுக்கும் கேலி முறை உண்டு. சாவு வீட்டில்கூட ஒருத்தரை ஒருத்தர் வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. பாரேக்காரர்கள் வழக்குப் பைத்தியங்கள் என்பது சாக்காக்காரர்களின் பழைய கேலி. அதனால் இவர்கள் இருவருக்கும் காலை வணக்கமே வம்பில்தான் ஆரம்பிக்கும்.

"என்ன பாரேக்காரி, ஆட்டுக்குட்டிக்கு வழக்காடப் பசுமாட்ட வித்தாச்சா?"

"வித்தாச்சு. அந்தக் காசையும் உங்க சாக்கா வக்கீலே முழுங்கிட்டான். சேதியச் சொல்லுங்க."

தெற்கே மருந்தகத்தில் லெம்புரிஸ். மசாய்ப் பையன், நல்லவன், ஆனால் பேச ஆரம்பித்தால் மாட்டிலிருந்துதான் ஆரம்பிப்பான். மழை, மேய்ச்சல், பக்கத்து ஊர்ச் சண்டை எல்லாம் முடிந்துதான் நோயாளிக்கு வருவான். நகுண்ட்வா அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அவன் மூச்சு விடுகிற விதத்திலேயே சேதி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். அவன் சொன்னதையெல்லாம் கேட்டு, உமியை ஊதித் தள்ளி, அரிசியை மட்டும் வடக்கே அனுப்புவாள். 'ஒருத்திக்கு ரத்தப்போக்கு, வண்டி வேணும்' என்று நாலு வார்த்தையில் முடித்துவிடுவாள். மருத்துவமனைக்கும் அது வசதியாக இருந்தது. யாரும் குறை சொன்னதில்லை.

குறை வந்தது மணியால்.

நம் மலையிலும் சமவெளியிலும் விடிந்ததிலிருந்துதான் மணி எண்ணுவது. விடிந்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. சூரியன் நன்றாக ஏறிய பிறகு நாலு. இருட்டினால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கை. ஆனால் அவசர நோயாளிகளை ஏற்றிவரும் மருத்துவமனை விமானத்தை ஓட்டுகிறவர்கள் வெள்ளைக்காரக் கணக்கு. நம் காலை நாலு அவர்களுக்குப் பத்து. இதில் குழப்பமே இல்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். லெம்புரிஸ் நம்ம மணியில் சொல்வான். நகுண்ட்வா நம்ம மணியிலேயே வடக்கே தள்ளுவாள். மம்சேரி அதைப் பைலட் மணியாக மாற்றிப் பைலட்டிடம் சொல்வார். வருஷக்கணக்காக அப்படித்தான் ஓடியது.

அந்த வருஷம் மம்சேரியின் அப்பா இறந்து, அவர் காப்பித் தோட்டத்துப் பங்கு, கல்லறை வேலை என்று ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் தாரெஸ்ஸலாமிலிருந்து ஒரு பெண்ணை உட்கார வைத்தார்கள். அவள் ஒரு நாள் மாற்றுவாள், ஒரு நாள் மறப்பாள். இரண்டு தடவை விமானம் வீணாகப் போய்த் திரும்பியதும் நகுண்ட்வாவுக்கு அலுத்துவிட்டது.

"இங்க பாரும்மா, நீ எதையும் மாத்தாத. இனிமே நானே பைலட் மணியாத் தரேன். மம்சேரி வந்ததும் அவர்கிட்டயும் சொல்லிட்டுப் போ, மறந்துடாத."

"சரிங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். சொன்னவள் சொல்லாமலே தாரெஸ்ஸலாம் பஸ் ஏறிவிட்டாள்.

மம்சேரி திரும்பி வந்து சில நாள் விமானத்துக்குத் தேவை வரவில்லை. அதன்பிறகு ஒரு காலை லெம்புரிஸ் கூப்பிட்டான். மாடு, மழை ஒன்றும் வரவில்லை. நேராகச் சேதிக்கு வந்தான்.

"எலிநாமி அம்மா, நலேபோ மகள் சிமலோயைப் பாம்பு கடிச்சிடுச்சு. கால்ல. வீங்கிட்டே போகுது. விமானம் வேணும். நாலு மணிக்கு ஓடுதளத்துல இருப்போம், மாட்டையெல்லாம் விரட்டிட்டு."

நலேபோவைச் சமவெளியில் எல்லோருக்கும் தெரியும். சந்தையில் பால் விற்பவள். சிமலோய் அவளுடைய ஒரே பெண், ஏழெட்டு வயது. அந்தக் குழந்தை ஒருநாள் மருந்தகத்து மைக்கைப் பிடுங்கி, மலைமேல் இருப்பவளுக்கு ஒரு பாட்டுப் பாடியிருக்கிறது. பாட்டு முழுசாக வராமல் பாதியில் சிரித்துவிட்டது.

நகுண்ட்வா திருகை வடக்கே திருப்பினாள். பேட்டரி முள் சரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாளாக மேகம்.

"மம்சேரி, சின்னப் பொண்ணு, பாம்புக்கடி, கால். விமானம் வேணும். பத்து மணிக்கு ஓடுதளம். பத்து மணி, காலையில."

மம்சேரி என்ன நினைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்ம மணி பத்து என்றால் சாயங்காலம், பைலட்டுக்கு நாலு. காலையில என்கிறாளே? விடியற்காலைப் பத்துக்கு இருட்டில் எந்த விமானம் இறங்கும்? பாவம், தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள், குடிசை ரொம்பத் தூரம் போலிருக்கிறது, அதான் சாயங்காலம் கொண்டுவருகிறார்கள். திருப்பிக் கேட்டால், இந்த மேகத்தில் அவள் பேட்டரி போய்விடும் என்று அவரே திருத்திக்கொண்டார். பைலட்டிடம் நாலு என்றார். நல்ல எண்ணம்தான். அவள் மாற்றியதும் நல்ல எண்ணத்தில்தான்.

தகடு கொஞ்சம் வெயில் குடிக்கட்டும் என்று பெட்டியை அணைத்துவிட்டு அவள் இஞ்சித் தோட்டத்துக்குப் போனாள். விமானம் போனால் முகட்டுக்கு மேலேதான் போகும், தகரக் கூரை அதிரும். சூரியன் ஏறியது, கூரை அதிரவில்லை. மேகமாயிருக்கிறது, மலையைச் சுற்றிப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு தொடர்ந்து இஞ்சி தோண்டினாள். பின்னால் அவளை அதிகம் அரித்தது இந்த நினைப்புதான். ஒரு நிமிஷம் பெட்டியைப் போட்டுக் கேட்டிருக்கலாம். முதுகு வலித்தது, சோம்பலாக இருந்தது, கேட்கவில்லை.

சாயங்காலம் தேநீருக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது கூரை அதிர்ந்தது. விமானம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு, பத்து, நாலு என்று வாய் முணுமுணுத்தது. தண்ணீர் கொதித்து அடுப்பில் வழிந்தது, அவள் எழுந்து இறக்கவில்லை.

லெம்புரிஸும் நலேபோவும் ஓடுதளத்து முள்மரத்தடியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பகல் முழுக்க வானத்தைப் பார்த்திருந்தார்கள். லெம்புரிஸ் நடுவில் மருந்தகத்துக்கு ஓடி வந்து மலையைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். மலையில் பெட்டி அணைந்திருந்தது. குழந்தை உயிர் பிழைத்தது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு எல்லோரையும் மருத்துவமனைக்கு வரச்சொன்னார்கள். நகுண்ட்வா இருப்பதில் நல்ல கங்காத் துணியைச் சுற்றிக்கொண்டு, காய்கறி லாரியில் மலை இறங்கிப் போனாள். லெம்புரிஸின் முகத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள். நினைத்ததைவிட ஒல்லியாக இருந்தான். அவளிடம் வந்து மரியாதையாகத் தலை குனிந்தான், அவள் அவன் தலையைத் தொட்டாள்.

மருத்துவமனை நிர்வாகி கேட்டார். "லெம்புரிஸ், நீ எத்தனை மணின்னு சொன்னே?"

"நாலுங்க ஐயா."

"மம்சேரி, பைலட்கிட்ட எத்தனை மணின்னு சொன்னீங்க?"

"நாலுங்க ஐயா."

"அவனும் நாலுங்கறான், இவரும் நாலுங்கறார். நடுவுல பத்து எங்கேருந்தும்மா வந்துச்சு?"

"ஐயா, அவன் நாலு வேற, இவர் நாலு வேற."

"அது எங்களுக்கும் தெரியும். மாத்தறது மம்சேரி வேலை. உன்னை யாரு மாத்தச் சொன்னா?"

அவள் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பெண் அங்கே இல்லை. "காலையிலன்னு சொன்னேனே ஐயா. பத்து மணி, காலையிலன்னு தெளிவாச் சொன்னேன்" என்றாள். எல்லோரும் மம்சேரியைப் பார்த்தார்கள். மம்சேரி தன் ஷூவைப் பார்த்தார்.

"இரைச்சல் ஜாஸ்தியா இருந்துச்சுங்க ஐயா. அந்த வார்த்தை எனக்குக் கேட்கல."

கேட்டது என்று அவளுக்குத் தெரியும். கேட்காவிட்டால் 'மறுபடி சொல்லு' என்று நச்சரிக்கிற ஆள் அவர். மூன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பயந்துவிட்டார். பயம் அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் நெஞ்சு எரிந்தது. சாக்காக்காரன் தப்புப் பண்ணினால் இசாலே இலையை எடுத்துக்கொண்டு போய் நீட்டுவான், அந்த இலையை நீட்டியவனை மன்னிக்காமல் திருப்பி அனுப்பக்கூடாது. இந்த மனுஷர் ஒரு புல்லைக்கூட நீட்டவில்லை.

நிர்வாகி முடிவு சொன்னார். "இனிமே சொன்னதைச் சொன்னபடி. ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உன்னை அர்த்தம் பண்ணிக்கச் சொல்லி யாரும் இங்க சம்பளம் தரல."

பாரேக்காரியிடம் போய்ச் சட்டம் பேசினால் என்ன ஆகும்? அவள் அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்ற ஆரம்பித்தாள். லெம்புரிஸ் இருமினால் இவளும் வடக்கே இருமினாள். 'டேய், அந்த ஆட்டை விரட்டு' என்று அவன் நடுவில் கத்தினால் அதையும் சொன்னாள். முன்பெல்லாம் 'மருந்தகம் சொல்லுது', 'மருத்துவமனை கேட்குது' என்று முதலில் சொல்லிக்கொள்வாள். அது கூட்டிச் சொல்கிற வார்த்தை, விட்டுவிட்டாள்.

"என் பொண்டாட்டிக்கு வயித்து வலி. ரெண்டு நாளா சாப்பிடல" என்றாள் ஒரு நாள்.

"உனக்கு எப்பப் பொண்டாட்டி வந்தா?" என்றார் மம்சேரி.

"நான் சொல்லல. கேட்டதைச் சொன்னேன்."

முன்பானால் சிரித்திருப்பார்கள். இப்போது கேலி செத்துவிட்டது. காலை வணக்கம் வெறும் வணக்கமாயிற்று. சமவெளியில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: மலைமேல் இருக்கும் பொம்பளை சொன்னதை மாற்றிச் சொல்கிறாள், அவள் மாற்றியதால்தான் நலேபோ மகளின் கால் போயிற்று. பிரசவ வலியோடு ஒருத்தி, அவளிடம் சேதி சொல்லவேண்டாம் என்று கழுதைமேல் ஏறி மலையைச் சுற்றிப் போனாளாம். லெம்புரிஸ்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்று முழுக்க நகுண்ட்வா ஒன்றும் சாப்பிடவில்லை. முகம் தெரியாத அத்தனை பேருக்கும் அவள் வெறும் ஒரு குரல். அந்தக் குரலுக்கு இருந்த பெயரும் போய்விட்டது. அதைத் திருப்பித் தரக்கூடியவர் வடக்கே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மழை வந்து போய், பீன்ஸ் காய்த்த பருவத்தில், ஒரு சாயங்காலம் லெம்புரிஸ் கூப்பிட்டான்.

"எலிநாமி அம்மா, நலேபோ வந்திருக்காங்க. சிமலோய்க்கு மரக்கால் செய்யணுமாம், அளவு எடுக்க அவளையும் கூட்டியாந்திருக்காங்க. அதுக்கு முன்னாடி மருத்துவமனைக்கு அவங்களே ஏதோ சொல்லணுமாம்."

மைக் கை மாறிய சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல். சந்தையில் கூவிக் கூவிக் கரகரத்த குரல்.

"பெரிய டாக்டருக்குச் சொல்லு. புண்ணு ஆறிடுச்சு. என் மக கம்பை ஊணிக்கிட்டு ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடறா, விழறா. இதையும் சொல்லு. மலைமேல ஒருத்தி குந்திக்கிட்டு இருக்காளே, என் மக காலைத் தின்னவ, அவளுக்குத் தூக்கமே வரக்கூடாது. அவ குடிக்கிற பால் கசக்கணும். ஒரு தரம்கூட ஆமா தப்புதான்னு அவ வாய் சொல்லல. அவ கால் வெக்கிற எடமெல்லாம் முள்ளாப் போகணும்."

நகுண்ட்வா திருகை வடக்கே திருப்பினாள். புண் ஆறியதிலிருந்து முள் வரைக்கும், ஒரு வார்த்தை விடாமல், மாவு விலை சொல்கிற குரலில் சொல்லி முடித்தாள்.

மம்சேரி பேனாவை மேசையில் போடுகிற சத்தம் கேட்டது.

"அதை விட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நீங்களும் அந்த ரூம்ல இருந்தீங்களே."

பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"சரி. அப்ப நான் சொல்றதையும் அப்படியே அவங்ககிட்டச் சொல்லு, ஒரு வார்த்தை மாத்தாத. 'அம்மா, தப்பு என்னோடது. நான்தான் மணியை மாத்தினேன். மாத்தினது நல்லதுக்குன்னுதான் நினைச்சேன். பெரியவங்க கேட்டப்போ உண்மையச் சொல்லாம இருந்ததும் நான்தான். பயந்துட்டேன். உங்க பொண்ணு காலை நினைச்சு எனக்குத் தூக்கம் வரல. மன்னிச்சிருங்க.'" அவர் குரல் உடைந்தது. "வயர்லெஸ்ல இசாலே இலை அனுப்ப முடியாது பாரேக்காரி. முடிஞ்சா உனக்குத்தான் முதல்ல அனுப்பியிருப்பேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாசம் எதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளோ அது வந்துவிட்டது. திருகைத் தெற்கே திருப்பிப் பித்தானை அழுத்தினாள்.

"அம்மா, தப்பு என்னோடது. நான்தான் மணியை மாத்தினேன்."

அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அந்தப் பக்கம் கேட்பது மம்சேரியின் குரல் அல்ல. மலைமேல் இருப்பவளின் குரல். லெம்புரிஸுக்கு இந்தப் பழக்கம் தெரியும், நலேபோவுக்குத் தெரியாது. 'மம்சேரி சொல்றார்' என்று இரண்டே வார்த்தை முன்னால் சேர்த்தால் போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாலைப் பத்தாக்கியது யார்? கூரை அதிரவில்லை என்று தெரிந்தும் இஞ்சி தோண்டிக்கொண்டிருந்தது யார்? தூக்கம் வராமல் கிடப்பதும் அவர் மட்டும்தானா? பித்தானிலிருந்து விரலை எடுக்காமலே மீதியையும் சொன்னாள். நல்லதுக்கு என்று நினைத்ததை, பயந்ததை, மன்னிப்பை, எல்லாவற்றையும். நடுவில் குரல் உடைந்தது. அது மம்சேரி உடைந்த இடம் இல்லை, வேறு இடம்.

நலேபோவின் குரல் மைக்குக்கு இன்னும் கிட்டே வந்தது.

"ஒத்துக்கிட்டியே, அது போதும்" என்றாள். "இதைக் கேட்கத்தான் இத்தனை நாளா இருந்தேன். சாபத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். இனிமே தூங்கு." பிறகு 'த்தூ' என்று ஒரு சத்தம். மசாய்க்காரர்கள் மனசார வாழ்த்தினால் துப்புவார்கள்.

அவள் வடக்கே திருப்பினாள். "ஒத்துக்கிட்டியே, அது போதும். இதைக் கேட்கத்தான் இத்தனை நாளா இருந்தேன். சாபத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டேன். இனிமே தூங்கு." சற்று யோசித்து, 'த்தூ' என்பதையும் சேர்த்தே அனுப்பினாள்.

"அவங்களா அப்படிச் சொன்னாங்க?" என்றார் மம்சேரி. அவர் அழுதுகொண்டிருந்தார். "என்கிட்டயா?"

"சொன்னது சொன்னபடி. கண்ணைத் துடைச்சிக்கிட்டுப் பேனாவை எடுங்க. அளவு வருது."

தெற்கே திருப்பியதும் லெம்புரிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"எலிநாமி அம்மா, அவங்க உங்களையே நினைச்சுக்கிட்டாங்க. அது மம்சேரி பேசினதுதானே? வெளியில நிக்கிறாங்க, கூப்பிட்டுச் சொல்லட்டுமா?"

"அவங்க மனசு ஆறிடுச்சா?"

"ஆறின மாதிரிதான் இருக்கு. சிமலோயைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க."

"அப்ப விடு தம்பி. அளவைச் சொல்லு."

"முழங்காலுக்குக் கீழேருந்து தரை வரைக்கும், என் கையால ஒரு சாண், நாலு விரல்."

"நாலா?"

"நாலும்மா."

"உன் கை ஒல்லி. அந்தச் சாண் எவ்வளவுன்னு ஒரு கயித்துல முடிச்சுப் போட்டு மருந்து வண்டியில அனுப்பிடு" என்றாள். விதியில் இல்லாத பேச்சு அது. பிறகு திருகை வடக்கே திருப்பினாள்.

"ஒரு சாண், நாலு விரல்."

"நாலுதானே?" என்றார் மம்சேரி.

"நாலு."

"மறுபடி சொல்லு."

"நாலு" என்றாள்.